மினி டிராக்டருக்கு எந்த ஹைட்ராலிக் ஆயில்?



குழுவாகச் சேர்ந்து மினி டிராக்டர் வாங்கி வாடகைக்கு விடுகிற நாம், டீசல் கணக்கு, டிரைவர் கூலி, வாடகை நோட்டு எல்லாம் சரியாகப் பார்க்கிறோம். ஆயில் என்று வந்தால் மட்டும் "அதெல்லாம் மெக்கானிக் பார்த்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறோம். தப்பான ஆயில் ஊற்றினால் பம்ப், பிரேக் இரண்டும் கெடும். உழவு நேரத்தில் வண்டி நின்றால் வாடகையும் போச்சு, கடன் தவணையும் தள்ளிப்போகும். அதனால் இதை நாமே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த ஆயில் என்ன வேலை செய்கிறது?

பின்னால் மாட்டிய கலப்பையையும் ரோட்டவேட்டரையும் தூக்குவது ஹைட்ராலிக் ஆயில்தான். பம்ப் அதை அழுத்தித் தள்ளும். அந்த அழுத்தம் கலப்பையைத் தூக்கும். இன்ஜின் ஆயில் வேறு, இது வேறு. பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர் பாக்ஸ், பின் ஆக்சில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். ஆயிலில் மூழ்கிய பிரேக் இருந்தால் அதற்கும் இதேதான். ஒரே மருமகள் நாலு வேலை பார்ப்பது மாதிரி! நாலு வேலைக்கும் பொருந்துகிற ஆயில்தான் வேண்டும்.

எதை வாங்குவது?

முதலில் வண்டியோடு கொடுத்த கையேட்டைப் பாருங்கள். ஆயில் வகை, தரக் குறியீடு, எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது எல்லாம் அதில் இருக்கும். நாலு வேலைக்கும் சேர்த்துத் தயாரிக்கும் ஆயிலை 'யு.டி.டி.ஓ.' என்பார்கள். டப்பாவில் இந்த எழுத்து இருந்தால் மட்டும் போதாது. கையேட்டில் சொன்ன குறியீடும் இருக்கவேண்டும். சில வண்டிகளில் ஹைட்ராலிக்குக்குத் தனி டேங்க் உண்டு. அதற்கு வேறு ஆயில் சொல்லியிருப்பார்கள்.

எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

"68 நம்பர் குடுங்க, 90 நம்பர் குடுங்க" என்று கடையில் கேட்பதுண்டு. விளக்கெண்ணெய் மெதுவாக ஒழுகும், தேங்காய் எண்ணெய் சீக்கிரம் ஓடும் இல்லையா? அந்தக் கெட்டித்தன்மையைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. ஆனால் ஹைட்ராலிக் ஆயிலுக்கு ஒரு அளவுகோல், இன்ஜின் ஆயிலுக்கு வேறு, கியர் ஆயிலுக்கு வேறு. 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில், 40 நம்பர் இன்ஜின் ஆயிலைவிட இளக்கமானது! எண் பெரிசா இருந்தா ஆயில் கெட்டி என்று நினைக்கவேண்டாம்.

எதை ஊற்றக் கூடாது?

* வெறும் கியர் ஆயில்: ஆயிலில் மூழ்கிய பிரேக் சத்தம் போடும், சரியாகப் பிடிக்காது.
* வெறும் ஹைட்ராலிக் ஆயில்: கலப்பையைத் தூக்கும், ஆனால் கியர் பல்லுக்குப் போதிய பாதுகாப்பு தராது.
* பிரேக் ஆயில்: ரப்பர் சீலைக் கெடுத்துவிடும். ஒரு சொட்டும் கூடாது.
* பாதி பழசு, பாதி வேறு வகை: வகை மாற்றுவதென்றால் பழையதை முழுக்க வடித்து, ஃபில்டரும் மாற்றிய பிறகே ஊற்றவேண்டும்.

வாரம் ஒருமுறை பாருங்கள்

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கலப்பையைக் கீழே இறக்கி, இன்ஜினை அணைத்துவிட்டு, அளவுக் குச்சியைத் துடைத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கவேண்டும்.

* மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. சேற்றுழவு முடிந்ததும் கட்டாயம் பாருங்கள்.
* நுரைத்தால் காற்று புகுந்திருக்கலாம்.
* கறுத்துத் தீய்ந்த வாசனை அடித்தால் ஆயில் சூடேறிக் கெட்டிருக்கிறது.
* கலப்பை மெதுவாக, திக்கித் திக்கி ஏறினால் ஆயில் குறைந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம்.

புது வண்டிக்கு முதல் ஆயில் மாற்றம் சீக்கிரமே வரும். புதுக் கியரில் தேய்கிற இரும்புத் தூள் ஆயிலில் சேரும் என்பதே காரணம். கையேட்டில் உள்ள மணிக்கணக்கை ஹவர் மீட்டரோடு ஒப்பிட்டு லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

உயிருக்கு ஆபத்து, கவனம்!

தூக்கிய கலப்பைக்கு அடியில் யாரும் போகக் கூடாது. குழாயில் ஊசித்துளை கசிவு இருந்தால் கையால் தடவிப் பார்க்காதீர்கள். வேகமாகப் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் கடுகளவு தெரிந்தாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தாமதித்தால் விரலையே எடுக்கவேண்டி வரலாம். கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டைத் தள்ளிப் பிடியுங்கள்.

வாங்கும்போது

சீல் உடையாத டப்பா, தயாரித்த தேதி, பேட்ச் எண், குழுவின் பெயரில் பில் - நாலும் பாருங்கள். லூஸ் ஆயில் வேண்டாம். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி பம்பை மாற்றினால் யாருக்கு நஷ்டம்? வடித்த பழைய ஆயிலை வயலிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் டின்னில் சேர்த்து வையுங்கள். 2016ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் போகவேண்டும்.

அடுத்த கூட்டத்தில் கையேட்டை எடுத்து வந்து, ஆயில் வகை, லிட்டர், மாற்றவேண்டிய மணிக்கணக்கு மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி வண்டி ஷெட்டில் ஒட்டுங்கள். டிரைவர் மாறினாலும் ஆயில் மாறாது!