கேட்டவர்கள் திரும்பி வரட்டும்: நெடுங்கால உடல்நல ஆய்வுகளும் நம் மக்களின் மனநலமும்



நினைவுச் சொற்பொழிவில் மனநலம் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நிலம், கூலி, வன்கொடுமை, இடஒதுக்கீடு பற்றி நம் மேடைகள் நிறையப் பேசியிருக்கின்றன. இவற்றால் நொந்துபோன மனங்களைப் பற்றி நாம் கவிதையும் கதையும் எழுதியிருக்கிறோம். ஆனால் அப்படி நொந்துபோன ஒருவரைக் கையைப் பிடித்து மருத்துவரிடம் அழைத்துச் சென்றது குறைவு. இதை ஒப்புக்கொண்டே இன்றைய உரையைத் தொடங்குகிறோம்.

கோவைப் புறநகரில் ஓர் அருந்ததியர் வளவு. உடல்நல ஆய்வுக் குழு ஒன்று இரண்டு ஆண்டு இடைவெளியில் இரண்டாவது முறையாக அங்கே வந்தபோது நாங்களும் உடன் இருந்தோம். முதல் முறை பெயர் எழுதப்பட்ட வீடுகளில் பல பூட்டிக் கிடந்தன. சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், சிலர் பல்லடம் பக்கம் விசைத்தறிக்கும், சிலர் செங்கல் சூளைக்கும் போயிருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரு மூதாட்டி கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “ஏங்கண்ணு, போன தடவையும் இதத்தான கேட்டீங்க? தூக்கம் வர்றதில்லீங்கன்னு சொன்னேன். எழுதீட்டுப் போனீங்க. இன்னும் வர்றதில்லீங்க. எழுதிக்கோங்க.”

அவர் சொன்னதை ஒட்டியே இந்த உரையை அமைத்திருக்கிறோம்.

முதலில், நெடுங்கால ஆய்வு என்றால் என்ன? வழக்கமான கணக்கெடுப்பு ஒருமுறை வந்து கேட்டுவிட்டுப் போய்விடும். நெடுங்கால ஆய்வு அதே ஆட்களை ஆண்டுக்கணக்கில் தேடித் தேடி வந்து கேட்கும். வறுமையால் மனச்சோர்வு வந்ததா, மனச்சோர்வால் வேலை போய் வறுமை வந்ததா என்பதை ஒருமுறை கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது. எது முன்னால் வந்தது என்பதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தால்தான் சொல்ல முடியும்.

இந்தியாவில் இன்று நடக்கும் இத்தகைய பெரிய ஆய்வு, இந்திய நெடுங்கால முதுமை ஆய்வு. மும்பையிலுள்ள பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் இதை நடத்துகிறது. 2017-18இல் முதல் சுற்று நடந்தது. 45 வயதுக்கு மேற்பட்டோரும் அவர்களின் துணைவர்களுமாக 72,000க்கு மேற்பட்டவர்கள், தமிழ்நாட்டினர் உட்பட, இதில் பங்கேற்றார்கள். 25 ஆண்டுகள் பின்தொடர்வது என்பது திட்டம்.

2021 ஜனவரியில் வெளியான முதல் சுற்று அறிக்கையில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. 60 வயதைக் கடந்தவர்களிடம் அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு மதிப்பிட்டபோது, 8.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடும் என்று தெரிந்தது. ஆனால் “உங்களுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா?” என்று கேட்டபோது, ஆம் என்றவர்கள் 0.8 விழுக்காட்டினர் மட்டுமே. வேறுபாடு பத்து மடங்கு. இந்தப் பெரும்பான்மையினரின் துயரத்துக்கு மருத்துவர் யாரும் பெயர் சொன்னதே இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வும் இதையே வேறு வழியில் சொன்னது. பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் சுமார் 85 விழுக்காட்டினர் சிகிச்சை பெறவில்லை.

இதில் சாதி எங்கே வருகிறது? ஆஷிஷ் குப்தாவும் டயான் காஃபியும் 2020இல் வெளியிட்ட கட்டுரை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் தரவுகளைக் கொண்டு இதை ஆராய்ந்தது. கல்வியையும் சொத்தையும் கணக்கில் கொண்ட பிறகும், ஆதிக்கச் சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் மனநலம் மோசமாக இருப்பதாக அது காட்டியது. காசு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற வாதத்துக்கு இது பதில். ஆனால் அந்தத் தரவு ஆறு மாநிலங்களில் திரட்டப்பட்டது. அவற்றில் தமிழ்நாடு இல்லை. கொங்கு மண்ணில் சாதி நம் மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு நம்மிடம் வாக்குமூலங்கள் ஏராளம். எண்கள் வேண்டுமென்றால் நாம் ஆய்வுகளுக்குள் இருக்க வேண்டும்.

இருக்கிறோமா? ஆய்விலிருந்து நடுவழியில் காணாமல் போகிறவர்கள் யார் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். ஏழைகளும், வீடு மாறுகிறவர்களும், மனநலம் குன்றியவர்களுமே அதிகம் விடுபடுகிறார்கள். கடைசிவரை இருப்பவர்கள் ஓரளவு வசதியும் நலமும் உள்ளவர்கள். ஆகவே, அறிக்கையில் வரும் எண் உண்மை நிலையைவிடக் குறைவாகவே காட்ட வாய்ப்பு உண்டு. அந்த எண்ணை வைத்துத்தான் மருத்துவர் பணியிடமும் மருந்தும் ஒதுக்கப்படுகின்றன. வளவில் பூட்டிக் கிடந்த வீட்டுக்காரர் ஆய்வேட்டிலும் இல்லை, மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை.

தேடிப் போனால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. மனச்சிதைவு நோய் முதன்முதலாகத் தாக்கிய 90 பேரை 1981 முதல் பின்தொடர்ந்த ஆய்வு, மருத்துவர் ஆர். தாராவும் ஸ்கார்ஃப் நிறுவனத்தாரும் முன்னெடுத்தது. 10 ஆண்டு முடிவில் 76 பேரையும், 20 ஆண்டு முடிவில் 61 பேரையும் அவர்களால் மதிப்பிட முடிந்தது. இடைவிடாமல் நோயுற்றே இருந்தவர்கள் மிகச் சிலர்தான். அதே நேரம் இறப்பும் தற்கொலையும் கவலைப்படும் அளவில் இருந்தன. “பைத்தியம் பிடிச்சா அவ்வளவுதான்” என்று நம் தெருவிலும் சொல்லப்படுவது தவறு என்பதை 20 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துத்தான் நிறுவ முடிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை அந்நாட்டு அரசின் பொதுச் சுகாதாரத் துறையே ஒரு நெடுங்கால ஆய்வை நடத்தியது. சிஃபிலிஸ் நோய் கண்ட 399 கறுப்பின ஆண்களுக்கு, பெனிசிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தார்கள். சாப்பாடும் ஈமச்சடங்குச் செலவும் கொடுத்தார்கள். உண்மை வெளிவந்த பின், கறுப்பின மக்களில் பலர் மருத்துவமனைப் பக்கம் போகவே தயங்கினார்கள். எழுதிக்கொண்டு மட்டும் போகிற ஆய்வு நம்பிக்கையைக் கொல்லும். அந்த மூதாட்டியின் பேச்சில் இருந்ததும் அந்தக் கசப்பின் தொடக்கம்தான்.

முன்பு நாங்களும் “எவன் வந்தாலும் பதில் சொல்லாதீங்க” என்று தெருக்கூட்டங்களில் பேசியிருக்கிறோம். கோபத்தில் நியாயம் இருந்தது. முடிவு தவறு. 2019 டிசம்பர் 2 அதிகாலை, மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் இடிந்து நம் மக்கள் 17 பேர் மாண்டார்கள். தீண்டாமைச் சுவர் என்று நாம் போராடினோம், இழப்பீடு கேட்டோம். மழை பெய்யும் இரவில் மிஞ்சியவர்களுக்கு உறக்கம் வருகிறதா என்று பத்தாண்டு கழித்தும் கேட்கும் ஏற்பாட்டை அன்று நம் கோரிக்கைப் பட்டியலில் நாங்கள் எழுதவில்லை. எழுதியிருக்க வேண்டும்.

ஆகவே, ஆய்வுகளில் பங்கேற்போம், ஆனால் சில நிபந்தனைகளோடு. ஒன்று, ஆய்வின் நோக்கத்தை நம் பேச்சில் விளக்கிய பிறகே ஒப்புதல். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளே உறுதிசெய்கின்றன. இரண்டு, துயரம் தெரியவந்தால் அன்றே சிகிச்சைக்கு வழிகாட்ட வேண்டும். மூன்று, இடம்பெயர்ந்தவரை ஆலை விடுதியிலும் சூளையிலும் தேடிப் போக வேண்டும். அதற்கு நம் இளைஞர்களைக் களப்பணியில் சேர்க்க வேண்டும். நான்கு, தனிநபர் விவரம் வெளியே போகாமல், முடிவுகளைச் சாதிவாரியாக வெளியிட்டு, எங்கே கேட்டார்களோ அங்கேயே வந்து படித்துக் காட்ட வேண்டும்.

சிகிச்சை என்பது யாரும் போடும் பிச்சை அன்று. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017, பிரிவு 18, அரசு நடத்தும் அல்லது நிதியளிக்கும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. பாகுபாடு கூடாத காரணங்களில் சாதியையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் போல இதையும் நாம் கையில் வைத்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். இந்த எண் நம் ஒவ்வொரு வளவின் சுவரிலும் எழுதப்பட வேண்டும்.

அந்த மூதாட்டியை அடுத்த வாரம் நாங்களே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். போகும் வழியில் பேருந்தில் அவர் பேசவே இல்லை. திரும்பும்போது கேட்டார்: “அடுத்த தடவ அவங்க வந்தா, தூக்கம் வருதுன்னு சொல்லிப்போடலாங்களா?”

வந்தால் சொல்லலாம் பாட்டி என்றோம். அவர்கள் திரும்பி வர வேண்டும். அதை உறுதிசெய்வது இனி நம் போராட்டத்தின் பகுதி.

ஜெய்பீம்.