தணிந்த காய்ச்சலும் தளராத காவலும்

மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பர். கொள்ளை நோயின் இயல்பும் அத்தகையதே. பெருநோய் தணிந்ததும், இனிப் பயமில்லை என்று நாம் காவலைத் தளர்த்திவிடுகிறோம். ஆனால் நோய் முற்றாக நீங்கிவிடுவதில்லை.

நம் தீவின் வரலாறே இதற்குச் சான்று. முதலாம் உலக மகாயுத்தத்தின் இறுதியில் பரவிய இன்புளுவென்சா, இலங்கையின் வடக்கிலும் தெற்கிலும் 1918 ஒக்டோபர் முற்பகுதியில் உச்சம் அடைந்தது. தீவின் நடுப்பகுதியிலோ 1919 மார்ச் முற்பகுதியிலேதான் அது உச்சத்தைத் தொட்டது. இறப்பாலும் பிறப்புக் குறைவாலும் நாட்டின் சனத்தொகை இழந்தது ஏறத்தாழ 307,000 என்பது பிற்கால ஆய்வாளர் கணிப்பு. 2009 இல் தோன்றிய இன்புளுவென்சாக் கொள்ளைநோய் முடிவுற்றதென உலக சுகாதார ஸ்தாபனம் 2010 ஓகஸ்டில் அறிவித்தது. எனினும் அக்கிருமி மறையவில்லை. பருவந்தோறும் வரும் காய்ச்சல்களுள் ஒன்றாய் நம்மிடையே தங்கிவிட்டது.

பதுளை, பசறை, ஹாலிஎல தோட்டங்களில் இன்றும் லயன் காம்பிராக்களில் வாழ்வோர் பலர். அங்கே ஒருவர் இருமினால் குடும்பம் முழுவதும் படுக்க நேரும். கொழும்புக் கடைகளில் தொழில் புரியும் பிள்ளைகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீடு திரும்பும் மாதங்களே இக்காய்ச்சல் மிகும் மாதங்களுமாகும்.

காய்ச்சலென்றால் ஓய்வெடுங்கள் என்று உபதேசிப்பது எளிது. எம் மாணவர் ஒருவரின் தாயாரிடம் நாமும் அவ்வாறே கூறினோம். "நின்னா இன்னைக்குப் பேரு இல்லையே ஐயா" என்றார் அவர். அன்றைய சம்பளத்தை எண்ணிய அச்சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. நோயுற்றவரை ஊதிய இழப்பின்றி வீட்டில் நிற்க விடுவது தருமம் மட்டுமன்று; பெரட்டுக்கு வரும் ஏனையோரையும் அது காக்கும்.

வீட்டளவில் நாம் செய்யத்தக்கவையும் உள. பகலில் யன்னலைத் திறந்து வையுங்கள். இருமும்போது வாயை மூடுங்கள். கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். நோயாளியைக் கைக்குழந்தையிடமிருந்து விலக்கி வையுங்கள். கிருமி ஓயாது உருமாறுவதால் சென்ற ஆண்டின் தடுப்பூசி இவ்வாண்டுக்குப் போதாது. முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா உடையோர் அதுபற்றி ஆண்டுதோறும் வைத்தியரைக் கேட்டறிதல் வேண்டும். மூச்சுத்திணறலோ மயக்கமோ கண்டால், கைவைத்தியத்தில் காலங்கடத்தாது உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

கொள்ளைநோய்க் காலத்தில் அச்சத்தால் பழகிய நல்வழக்கங்களை, அது தணிந்த காலத்தில் அன்பினால் தொடர்வோமாக.