லேபிளில் இதயம், கோப்பையில் துவர்ப்பு

பிரான்ஸின் போர்டோ பகுதியில் விளையும் ஷாத்தோ காலோன் செகூர் ஒயினின் லேபிளில் ஒரு இதயம் வரையப்பட்டிருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அந்தத் தோட்டம் செகூர் பிரபுவிடம் இருந்தது. லஃபீத், லத்தூர் ஆகிய பெரும்பேர் பெற்ற தோட்டங்களும் அவருடையவைதான். ஆனாலும் தன் மனசு காலோனில்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். காதலர் தினத்துக்கு அந்த லேபிளுக்காகவே இந்த ஒயினைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. ஆனால் உள்ளே இருப்பது காபர்னே சாவிஞோன் திராட்சை மிகுந்த, இளசாக இருக்கும்போது நாக்கை இழுத்துப் பிடிக்கும் ஒயின். பத்து ஆண்டுகளாவது கிடந்தால்தான் இளகும். வாங்கிய அன்றே திறந்தால் கொடுத்த காசுக்கு வருத்தம்தான் மிஞ்சும்.

இந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். திராட்சையின் தோல், விதை, காம்பு ஆகியவற்றிலிருந்து அது ஒயினில் இறங்குகிறது. உமிழ்நீரில் உள்ள புரதத்தோடு அது சேர்ந்துகொள்வதால் வாய் உலர்ந்ததுபோல் ஆகிறது. கூடவே கொழுப்பும் புரதமும் நிறைந்த மாட்டிறைச்சி இருந்தால் அந்தக் கடுமை தணியும். வெறும் வாயில், பேச்சுக்கு நடுவே மெல்லப் பருகும் இரவுக்கு டானின் குறைந்த ஒயினே தோது. சிவப்பு ஒயினைத் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இதோடு முடிந்துவிடும்.

எந்தப் புட்டியை எப்போது திறப்பது என்று தீர்மானிக்க போர்டோ தோட்டங்களின் புகழ்பெற்ற 1855 தரவரிசையும் உதவாது. பாரிஸ் கண்காட்சிக்காக அன்றைய சந்தை விலையை ஒட்டித் தரகர்கள் தயாரித்த பட்டியல் அது. 1973இல் மூத்தோன் ராத்ஷீல்ட் தோட்டம் முதல் நிலைக்கு உயர்ந்ததைத் தவிர இன்றுவரை அதில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை. விலை ஏன் அவ்வளவு என்பதை அது விளக்கும். புட்டியைத் திறக்கும் வேளை வந்துவிட்டதா என்பதைச் சொல்லாது.

மென்மை வேண்டும் என்பவர்கள் பர்கண்டிக்குப் போக வேண்டும். அங்கே விளையும் பினோ நுவார் மெல்லிய தோல்காரத் திராட்சை. ஒயினின் நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்பு குறைவு, மணம் அதிகம். ஷாம்போல் முசிஞி கிராமத்தில் காதலியரின் பெயரால் வழங்கும் லேஸ் அமுரூஸ் என்ற சிறு தோட்டம் இருக்கிறது. காதல் இரவுக்கு அதைவிடப் பொருத்தமான புட்டி இல்லைதான்; விலையைக் கேட்டால் காதல் தெளிந்துவிடும்.

அதே மென்மை, கையைக் கடிக்காத விலையில், சற்றுத் தெற்கே போஜொலேயில் கிடைக்கிறது. அங்கே விளைவது காமே திராட்சை. 1395இல் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப், தன் மண்ணில் காமே கூடாது என்று ஆணையிட்டார். போஜொலேயின் கருங்கல் மண்ணில் அது செழித்தது. அப்பகுதியின் பத்து உயர்தர ஊர்களில் ஒன்று சேன்ட் அமூர்; 1946இல் தனி அங்கீகாரம் பெற்றது. பெயரில் காதலை வைத்திருப்பதால் பிப்ரவரியில் அதற்குத் தனிக் கிராக்கி. ஆனால் இது பெயரை மட்டும் நம்பிப் பிழைக்கும் ஒயின் அல்ல. செர்ரி மணத்தோடு, லேசாகக் குளிர்வித்துப் பருக நன்றாகவே இருக்கும்.

சிவப்பு ஒயினும் சாக்லேட்டும் என்ற ஜோடி விளம்பரத்தில் மட்டுமே அழகு. சாக்லேட்டின் இனிப்புக்கு முன் இனிப்பில்லாத ஒயின் புளித்துக் கசக்கும். சாக்லேட் கட்டாயம் என்றால் போர்த்துகலின் போர்ட், தென் பிரான்ஸின் பன்யூல்ஸ் போன்ற இனிப்பு ஒயின்கள் பொருந்தும்.

திருமண நாள் விருந்துக்கு முதிர்ந்த ஒயின் வேண்டும், ஆனால் வருடக்கணக்கில் காத்திருக்க முடியாது என்பவர்களுக்கு ஸ்பெயினின் ரியோஹா கைகொடுக்கும். அங்கே காத்திருக்கும் வேலையை ஒயின் கூடமே செய்துவிடுகிறது. தெம்ப்ரானியோ திராட்சை மிகுந்த இந்தச் சிவப்பு ஒயின் ரிசர்வா என்று பெயர் பெற, ஓக் பீப்பாயில் ஓராண்டு உட்படக் குறைந்தது மூன்று ஆண்டுகள் முதிர வேண்டும்; கிரான் ரிசர்வாவுக்கு ஐந்து ஆண்டுகள். இத்தாலியின் பரோலோ 38 மாதங்கள் முதிர்ந்து சந்தைக்கு வந்தும் முரடாகவே இருக்கும். திருமணமான ஆண்டின் பரோலோவை வாங்கி வைத்துப் பத்தாவது ஆண்டு நிறைவில் திறக்கலாம்.

பரோலோ விளையும் பீட்மான்ட்டில் அன்றாடச் சாப்பாட்டு மேசைக்கு வருவது பெரும்பாலும் பார்பேராவும் டொல்செட்டோவும்தான். பார்பேராவில் புளிப்பு தூக்கல், டானின் குறைவு. தக்காளி சேர்த்த எந்த உணவோடும் ஒத்துப்போகும். டஸ்கனியின் கியான்டி கிளாசிகோவும் அப்படித்தான். அதில் 80 சதவீதமாவது சான்ஜோவேசே திராட்சை இருக்க வேண்டும். புட்டியில் உள்ள கறுப்புச் சேவல் முத்திரைதான் அடையாளம். பன்றி இறைச்சிக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போன எமிலியாவில், நுரைக்கும் சிவப்பு ஒயினான லாம்ப்ருஸ்கோவைக் குளிரக் குளிரக் குடிக்கிறார்கள். மேட்டுக்குடி ரசிகர்கள் அதை மதிப்பதில்லை; நஷ்டம் அவர்களுக்குத்தான்.

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் பரிமாற வேண்டும் என்பது ஐரோப்பாவின் பழைய, குளிர்ந்த வீடுகளை வைத்துச் சொன்னது. கனமான ஒயினுக்கு 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், காமே போன்ற இலகுவானதற்கு 12 முதல் 14 டிகிரி போதும். 750 மில்லி புட்டியில் ஐந்து கோப்பை வரும். இருவருக்கு அது அதிகம் என்றால் 375 மில்லி அரைப்புட்டி இருக்கிறது. மீந்ததைக் கார்க்கால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். அதற்குப் பிறகு சமையலுக்குத்தான் ஆகும்.