காணொலியில் காட்சி தேடும் தொழில்நுட்பம்: காப்புரிமை கிடைக்குமா?

ஜார்ஜ்டவுன் – தைப்பூசத்திற்கு முதல் நாள் புறப்படும் வெள்ளி இரதம் தண்ணீர்மலையை அடையப் பல மணி நேரம் ஆகும். அந்த முழுநீளக் காணொலியில் ‘இரதத்தின் முன் தேங்காய் உடைக்கும் காட்சி’ என்று தட்டச்சு செய்தால், அந்த இடத்தை மட்டும் எடுத்துக் காட்டும் தொழில்நுட்பம் இன்று உண்டு. இத்தகைய ஒன்றை உருவாக்கும் நம் மாணவர் அதற்குக் காப்புரிமை (பேட்டண்ட்) பெற முடியுமா?

கணினி, சொற்களையும் காட்சிகளையும் எண்களாக மாற்றி, ஒன்றுக்கொன்று நெருக்கமானவற்றைப் பொருத்துகிறது. இங்குதான் சிக்கல். 1983ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, கணித முறைகளுக்குக் காப்புரிமை இல்லை என்கிறது. ஆனால், தொழில்நுட்பத் துறையின் குறிப்பிட்ட சிக்கலைத் தீர்ப்பதே கண்டுபிடிப்பு என்கிறது 12ஆவது பிரிவு.

ஆகவே, ‘சொல்லைக் கொண்டு காட்சி தேடுவேன்’ என்ற யோசனை மட்டும் போதாது. நீண்ட காணொலியைக் குறைந்த நினைவகத்தில், விரைவாகத் தேடும் புதிய வழி என்றால் வாய்ப்பு கூடும். அது துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும்.

எழுதிய நிரலுக்கு 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. ஆயினும், அதே வழிமுறையில் இன்னொருவர் சொந்தமாக நிரல் எழுதுவதை அது தடுக்காது.

கண்காட்சியில் காட்டிவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. மலேசியாவில் ஓராண்டு அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாக அந்தச் சலுகை இல்லை. முதலில் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் விண்ணப்பம், பிறகே மேடை. விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள் வரை கிடைக்கக்கூடிய உரிமை அது.