பங்குச் சந்தையும் அரச மேற்பார்வையும்

மடத்துவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தமது சேமிப்பைக் கொண்டு கம்பனிப் பங்குகளை வாங்க விரும்புகிறார் எனக் கொள்வோம். கொழும்பிலுள்ள தரகர் நேர்மையாக நடக்கின்றாரா என்பதை அவரால் நேரில் கண்டறிய முடியாது. அவருடைய நலனைப் பாதுகாப்பவர் யார்?

சுய ஒழுங்குபடுத்தல்

ஒரு தொழிலில் ஈடுபடுவோர் தமக்கான விதிகளைத் தாமே ஆக்கி, மீறும் உறுப்பினர் மீது நடவடிக்கை எடுப்பது சுய ஒழுங்குபடுத்தல் எனப்படும். இலங்கையில் பங்குத் தரகர்கள் 1896 இல் சங்கம் அமைத்தனர். தரகர் நிறுவனங்களை உறுப்பினராகக் கொண்டு கொழும்புப் பங்குப் பரிவர்த்தனை 1985 இல் கூட்டிணைக்கப்பட்டது.

நன்மை: தொழிலின் நுணுக்கங்களை அறிந்தவர்களே விதிகளை ஆக்குவர், விரைவாகச் செயற்படலாம்.
குறைபாடு: தவறு செய்பவரும் விசாரிப்பவரும் ஒரே தொழிலினர். எனவே முதலீட்டாளரின் நலன் பின்தள்ளப்படலாம்.

அரச மேற்பார்வை

இக்குறைபாட்டை நீக்க, 1987 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச மேற்பார்வை அமைப்பு நிறுவப்பட்டது. அதுவே பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு ஆகும். 2021 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் பழைய சட்டத்திற்குப் பதிலாக வந்தது. ஆணைக்குழுவின் முக்கிய பணிகள்:

1. பங்குப் பரிவர்த்தனைக்கும் தரகர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கல்.
2. பரிவர்த்தனையின் விதிகளுக்கு அங்கீகாரம் அளித்தல்.
3. உள்ளகத் தகவலைப் பயன்படுத்திய வியாபாரம் போன்ற குற்றங்களை விசாரித்தல்.
4. பரிவர்த்தனைக்குப் பணிப்புரை வழங்கல்.

தீவகத்துக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தை அங்கத்தவர்களே நடத்தினாலும், கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களம் அதன் கணக்குகளைப் பரிசோதிப்பதை இதற்கு ஒப்பிடலாம்.

உதாரணம்

2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் மீள்செலுத்தலை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. சந்தையைத் தற்காலிகமாக மூடுமாறு பரிவர்த்தனையின் பணிப்பாளர் சபையும் தரகர்களும் கோரினர். ஏப்ரல் 18 முதல் ஐந்து வேலை நாட்களுக்கு மூடும்படி பணித்தது ஆணைக்குழுவே. கோரிக்கை தொழிலினரிடமிருந்து வந்தது. தீர்மானம் பொதுநலனைக் காக்கும் அமைப்பினுடையது.

கவனிக்க

பங்கு விலை வீழ்ச்சியால் ஏற்படும் நட்டத்தை ஆணைக்குழு ஈடுசெய்வதில்லை. விலை ஆபத்து முதலீட்டாளருக்கே உரியது. மோசடியிலிருந்து பாதுகாப்பதே மேற்பார்வையின் நோக்கம். விடை எழுதும்போது இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டுக.

பயிற்சி வினா

சுய ஒழுங்குபடுத்தல் மட்டும் முதலீட்டாளருக்குப் போதிய பாதுகாப்பு ஆகாது என்பதற்கு இரு காரணங்கள் தருக.