காற்றின் மேல் ஒரு வீடு

ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து தென்மேற்கே கார்ன்வால் கடற்கரையை நோக்கி ஒரு குடும்பம் புறப்படுகிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய காரின் பின்னால் ஒரு சிறிய வீடு இழுபட்டு வருகிறது. அதில் படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, உடை அலமாரி எல்லாம் உண்டு. பிரிஸ்டல் நகருக்கு அருகே, ஏறத்தாழ 145 கிலோமீட்டர் ஓடியபின், தேநீர் அருந்த வண்டியை நிறுத்துகிறார்கள். சிறுவன் இறங்கிச் சென்று அழுத்தமானியை வண்டி வீட்டின் டயரில் பொருத்திப் பார்க்கிறான். காலையில் புறப்படும்போது அது 3 பார் காட்டியது. இப்போதோ 3.4 பார்! "அப்பா, காற்று அதிகமாகிவிட்டது. கொஞ்சம் இறக்கிவிடட்டுமா?" என்று கேட்கிறான்.

நீங்கள் அந்தத் தந்தையாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? விடையை இப்போதே சொல்லிவிட வேண்டாம். முதலில் அந்த வண்டியைச் சற்று அறிந்துகொள்வோம்.

கேரவன் என்றதும் உங்களுக்குச் சினிமாப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் பெரிய வண்டி நினைவுக்கு வரலாம். அது தன் சொந்த எஞ்சினால் ஓடுவது. நாம் பேசும் சுற்றுலாக் கேரவனுக்கு எஞ்சின் கிடையாது. கார் இழுத்தால்தான் நகரும். உல்லாசப் பயணத்துக்கென்றே இப்படி ஒரு வண்டியை 1885-ஆம் ஆண்டிலேயே கட்டச் செய்தவர் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர். அதைக் குதிரைகள் இழுத்தன. அதன் சக்கரங்களில் காற்று இல்லை. காற்றடைத்த சக்கரத்துக்கு ராபர்ட் வில்லியம் தாம்சன் 1845-இலேயே காப்புரிமை பெற்றிருந்தும் அது பரவவில்லை. பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக அதை மீண்டும் கண்டுபிடித்தது 1888-இல்தான்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். ஒரு வண்டியின் எடையைத் தாங்குவது எது? ரப்பரா, காற்றா?

உங்கள் சைக்கிளையே பாருங்கள். காற்று இறங்கிய டயரில் ரப்பர் முழுவதும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் நீங்கள் ஏறி உட்கார்ந்தால் விளிம்பு தரையில் இடிக்கிறது. ஆகவே சுமையைத் தாங்குவது பெரும்பாலும் காற்றின் அழுத்தமே. ரப்பரும் அதனுள் உள்ள இழைகளும் அந்தக் காற்றைப் பிடித்துவைத்திருக்கும் பை என்றே சொல்லலாம்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். அழுத்தம் என்பது ஓர் அலகுப் பரப்பின் மேல் செயல்படும் விசை என்று படித்திருக்கிறீர்கள். ஒரு பார் என்பது, சதுர சென்டிமீட்டர் ஒன்றின் மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை அழுத்துவதற்குச் சமம். நம் கேரவன் சாமான்களுடன் 1,300 கிலோகிராம் எடையுள்ளது எனக் கொள்வோம். அதில் 75 கிலோகிராம் முன்பக்கக் கொக்கியின் வழியாகக் காரின் மேல் இறங்குகிறது. இதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயர் 'மூக்குச் சுமை'. மீதி 1,225 கிலோகிராம் இரண்டே டயர்களின் மேல் நிற்கிறது. ஒவ்வொன்றுக்கும் 612 கிலோகிராமுக்குச் சற்று மேல். அழுத்தம் 3 பார் என்றால், இந்தச் சுமையைத் தாங்க ஒவ்வொரு டயரும் சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தரையைத் தொட வேண்டும். விரல்களை விரித்து வைத்த உங்கள் கையைவிடச் சற்றுப் பெரிய இடம், அவ்வளவுதான்!

அழுத்தம் 2 பாராகக் குறைந்தால் என்ன ஆகும்? சுமை குறையவில்லை. எனவே தொடுபரப்பு 300 சதுர சென்டிமீட்டராக விரிந்தாக வேண்டும். டயர் தட்டையாகிறது, பக்கச்சுவர் பிதுங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கு இதனால் பெரிய கேடில்லை. ஓடும்போதுதான் ஆபத்து.

நெடுஞ்சாலையில் கேரவனை இழுத்துச் செல்லும் காருக்கு அங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 60 மைல், அதாவது நொடிக்குச் சுமார் 27 மீட்டர். டயரின் சுற்றளவு 2 மீட்டர் என்றால் அது நொடிக்குப் பதின்மூன்று முறை சுழலும். பக்கச்சுவரின் ஒவ்வொரு பகுதியும் தரைக்கு வரும்போது மடங்கி, மேலே போகும்போது நிமிர்கிறது. பர்மிங்ஹாமிலிருந்து பிரிஸ்டல் வருவதற்குள் எழுபதாயிரம் தடவைக்கு மேல்! ஒரு கம்பியை முன்னும் பின்னுமாக வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைக் கண்டிருப்பீர்கள். ரப்பரும் அப்படித்தான். மடங்கும்போது பெற்ற ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது அது திருப்பித் தருவதில்லை. ஒரு பங்கு வெப்பமாக மாறிவிடுகிறது. காற்றுக் குறைந்த டயர் அதிகம் மடங்கும். அதிகம் மடங்கினால் அதிகம் சூடேறும். சூடு எல்லை மீறினால் ரப்பருக்கும் இழைகளுக்கும் இடையே உள்ள பிணைப்பு விட்டுப்போகும். டயர் வெடிப்பது பெரும்பாலும் அதிகக் காற்றினால் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் குறைந்த காற்றே பெரிய பகைவன்.

காரின் டயரில் காற்று இறங்கினால் ஓட்டுபவரின் கையில் உள்ள ஸ்டியரிங் அதைச் சொல்லிவிடும். பின்னால் வரும் கேரவனின் டயர் அப்படி ஏதும் சொல்வதில்லை. ஒரே அச்சில் இரண்டே சக்கரம் உள்ள வண்டியில் ஒன்று கிழிந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து, பாம்புபோல் நெளிந்து, காரையும் இழுத்துக்கொண்டு போகலாம். காருக்குள் குழந்தைகள் இருக்கிறார்கள்.

அப்படியானால் நிறையக் காற்றடைத்துவிட்டால் தொல்லை தீர்ந்ததே என்கிறீர்களா? தீராது. தொடுபரப்பு சுருங்கும்; பிரேக் போடும்போது பிடிமானம் குறையும்; டயரின் நடுப்பகுதி மட்டும் தேயும். பந்துபோல் துள்ளும் சக்கரம் உள்ளே இருக்கும் அலமாரிகளின் ஆணிகளைத் தளர்த்திவிடும்.

சரியான எண்ணை எங்கே தேடுவது? டயரின் பக்கச்சுவரில் உச்ச அழுத்தம் என்று சில சமயம் ஓர் எண் இருக்கும். அது தாண்டக் கூடாத எல்லை. உங்கள் வண்டிக்கான பரிந்துரை அன்று. வண்டி செய்தவர் தரும் கையேட்டிலும் வண்டியில் ஒட்டிய தகட்டிலும் இருப்பதே நமக்கு வேண்டிய எண். வண்டியின் முழுச்சுமையையும், தொழிற்சாலையில் பொருத்திய டயரையும் கருதியே அந்த எண்ணைத் தந்திருக்கிறார்கள்.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. டயரின் பக்கத்தில் அளவை அடுத்து 95 போன்ற ஓர் எண் பொறித்திருக்கும். அது சுமைக் குறியீடு. 95 என்றால் 690 கிலோகிராம் தாங்கும். 102 என்றால் 850 கிலோகிராம். பழைய டயரைக் கழற்றிய ஒருவர், "எதற்கும் வலுவானதாக இருக்கட்டும்" என்று சரக்கு வண்டிகளுக்கான 102 டயரை மாட்டி, பழைய வழக்கப்படி 3 பார் காற்றே அடைக்கிறார். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அத்தகைய டயர் 850 கிலோகிராம் தாங்குவது சுமார் 4.5 பார் அழுத்தத்தில். 3 பாரில்? நேர்விகிதம் என்று எளிதாகக் கணக்கிட்டால் 850-இல் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 570 கிலோகிராம்! நம் வண்டிக்கு வேண்டியதோ 612. வலுவான டயர் வாங்கியும் வண்டி முன்னைவிட வலுவிழந்து நிற்கிறது. காற்று தாங்குகிறது, ரப்பர் அன்று என்பது இப்போது விளங்குகிறதல்லவா? (உண்மையில் பக்கச்சுவரின் விறைப்பும் சிறிது உதவுவதால் விகிதம் இவ்வளவு நேராக இராது. எனவே டயர் மாற்றினால் டயர் தயாரிப்பாளரின் அட்டவணையைக் கேட்டுவிடுவதே முறை.)

இன்னொன்று. 1,225-ஐ இரண்டால் வகுத்தோமே, அது சரியா? சமையலறையும் குளிர்ப்பெட்டியும் ஒரே பக்கத்தில் இருந்தால் ஒரு சக்கரத்தில் 640, மற்றதில் 585 என்று சுமை பிரியக்கூடும். டயரின் உச்சச் சுமையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள் என்பது கேரவன் வல்லுநர்களின் அறிவுரை. 690-இல் பத்தில் ஒன்பது பங்கு 621. ஆகவே 640 மிகை. எடைமேடையில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனியாக நிறுத்துப் பார்த்தாலன்றி இது தெரியாது. தெரிந்துவிட்டால் தீர்வு எளிது: இருபது கிலோகிராம் உள்ள கூடாரத் துணியை மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும், 620, 605 என்று ஆகிவிடும்.

பெரும்பாலான கேரவன்கள் குளிர்காலம் முழுவதும் அசையாமல் நிற்பவை. அந்த மாதங்களில் காற்று ரப்பரின் ஊடாக மெல்லக் கசிகிறது. ரப்பரும் வெயிலிலும் ஆக்சிஜனிலும் முதுமை அடைகிறது. பள்ளம் தேயாமல் புதிதுபோல் இருக்கும் டயர், வயதில் கிழவனாக இருக்கலாம். அதனால்தான் ஐந்து ஆண்டுகளில் மாற்றுங்கள், ஏழுக்கு மேல் ஓட்டவே வேண்டாம் என்கிறார்கள். டயரின் வயதைப் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் பிறந்தது. இன்று உங்கள் வீட்டு வண்டியிலும் இதைத் தேடிப் பாருங்களேன்!

இப்போது பிரிஸ்டலுக்குத் திரும்புவோம். சிறுவன் வால்வின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறான்.

மாறாத கனஅளவில் வாயுவின் அழுத்தம் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று படித்தீர்கள். டயரின் கனஅளவு அதிகம் மாறுவதில்லை. எனவே விதி இங்கே பொருந்தும். ஆனால் அழுத்தமானி காட்டுவது வெளிக்காற்றைவிட எவ்வளவு மிகை என்பதை மட்டுமே. காற்றே இல்லை என்று நாம் சொல்லும் டயரிலும் 1 பார் காற்று இருக்கிறது! ஆகவே காலையில் 3 பார் என்றால் உண்மை அழுத்தம் 4 பார். காலை வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ், அதாவது 283 கெல்வின். ஓடியபின் டயருக்குள் 40 டிகிரி, அதாவது 313 கெல்வின். 4-ஐ 313-ஆல் பெருக்கி 283-ஆல் வகுத்தால் 4.42. ஒரு பாரைக் கழித்தால் 3.4. சிறுவன் கண்ட அதே எண்!

புதிதாக எந்தக் காற்றும் உள்ளே நுழையவில்லை. தகட்டில் உள்ள 3 பார் என்பது குளிர்ந்த டயருக்கான எண். ஓடினால் இவ்வளவு ஏறும் என்பதையும் எண்ணியே அதைக் கொடுத்திருக்கிறார்கள். எனவே தந்தை அழுத்தமானியை அடுத்த சக்கரத்துக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். அதுவும் 3.4-க்கு அருகே காட்டினால் கவலை இல்லை. காலை வெயில் பட்ட இடப்பக்கம் ஒரு துளி கூடுதலாகக் காட்டலாம், அதுவும் இயல்பே. ஒன்று மட்டும் குறைவாகக் காட்டி, தொட்டால் மற்றதைவிடச் சுட்டால், அங்கே ஆணி தைத்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

மூடியைத் திருகிவிட்டு அவர்கள் புறப்படுகிறார்கள். மறுநாள் காலை, கடலோர முகாமில் வெப்பநிலை மீண்டும் 10 டிகிரியாக இருக்கும்போது, அதே டயர் 3 பார் காட்டும். பிரிஸ்டலில் 3 பாருக்கு இறக்கிவிட்டிருந்தால் எவ்வளவு காட்டியிருக்கும்? 4-ஐ 283-ஆல் பெருக்கி 313-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு பாரைக் கழித்தால் 2.6.