பரோட்டாவுக்கு ஒரு செம்பருத்தி!

'ஏலே மக்கா... இந்தச் செம்பருத்திய மட்டும் வரைஞ்சு குடுத்துருலே. நாலு பரோட்டா வாங்கித் தாரேன்!'

ரெக்கார்டு நோட்டு சப்மிட் பண்ணுகிற சீஸனில் மேலப்பாளையம் டீக்கடைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றால், இந்த டீலிங் கேட்கும். ஏன்ப்பா என்றால், 'நமக்குக் கை வராது' என்று பதில் ரெடி!

கை மேல் பழி போடாதீங்க பாஸ். ஒரு படத்தின் மேல் டிரேஸிங் பேப்பரை வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு ஜம்மென்று வரும். அப்போ கை ஓ.கே.தானே?

யார் குற்றவாளி?

பார்ப்பதை ஏன் பலரால் அப்படியே வரைய முடிவதில்லை? அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் டேல் கோஹனும் சூசன் பென்னட்டும் 1997-ல் இதைத் துருவினார்கள். கைப்பழக்கம் போதவில்லையா? எதை வரைவது, எதை விடுவது என்பதில் குழப்பமா? வரைந்த படத்தைச் சரியாகப் பார்ப்பதில்லையா? இல்லை, எதிரே இருக்கும் பொருளையே தப்பாகப் பார்க்கிறோமா? சந்தேக லிஸ்ட்டில் இருந்த நாலு பேரில் மாட்டியது கடைசி ஆள்!

டீ கிளாஸ் டெஸ்ட்

பெஞ்சில் இருக்கும் டீ கிளாஸை வரையுங்கள். வாய் வட்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் வட்டமாகவே போடுவீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதோ ஒடுங்கிய நீள்வட்டம். தெரிந்ததை வரைகிறோம், தெரிவதை வரைவதில்லை.

மருந்து ரொம்ப சிம்பிள். கொஞ்சமாகப் பாருங்கள், அடிக்கடி பாருங்கள்! கோஹன் 2005-ல் வெளியிட்ட ஆய்வின் சாரம் இதுதான். பொருளையும் பேப்பரையும் மாறி மாறி அதிக தடவை பார்க்கிறவர்களின் படம் துல்லியமாக வருகிறது. நீளமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தால், ஞாபகம் நடுவில் புகுந்து கதையை மாற்றிவிடும்.

சந்தைக்குப் போலாமா?

செவ்வாய்க்கிழமை நம்ம ஊர்ச் சந்தையில் ஆடுகள் உங்களுக்காக போஸ் கொடுக்காது. அதுதான் நல்லது! ஒரு ஆட்டுக்கு அரை நிமிஷம். கொம்பு, மயிர் எல்லாம் வேண்டாம். அது நிற்கிற தினுசு மட்டும் போதும். அமெரிக்க ஓவிய ஆசிரியர் கிமோன் நிக்கோலெய்ட்ஸ் வகுப்பில் சொல்லிக்கொடுத்த வேகக் கோட்டுப் பயிற்சி இந்த வகைதான். அவருடைய புத்தகம் 1941-ல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது.

தலைகீழ் சமாச்சாரம்

படத்தைத் தலைகீழாக வைத்து வரைந்தால் வலது மூளை விழித்துக்கொள்ளும் என்று யாராவது சொல்லியிருப்பார்களே? பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய புத்தகத்தால் உலகப் புகழ் பெற்ற வழி அது. 2010-ல் கோஹனும் இன்னொரு ஆய்வாளரும் சோதித்தபோது, தலைகீழாக வைத்ததால் துல்லியம் கூடவில்லை. ஆக, பிரபலமான ஐடியாவையும் டெஸ்ட் பண்ணித்தான் நம்பணும்!

சரி, நமக்கு என்ன லாபம்?

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட சோதனைகளில், எழுதிப் பார்த்த சொற்களைவிட வரைந்து பார்த்த சொற்கள் அதிகமாக ஞாபகத்தில் நின்றன. படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை!

செம்பருத்தியின் மகரந்தத் தாள்கள் ஒன்றாகச் சேர்ந்து குழாய் மாதிரி சூலகத்தண்டைச் சுற்றி நிற்கும். நீங்களே பூவைப் பார்த்து வரைந்தால் அது உங்களோடு எக்ஸாம் ஹாலுக்கு வரும். ஃப்ரெண்டு வரைந்தால் அவனோடு போய்விடும்.

இந்த செமஸ்டர் பரோட்டாவை நீங்களே சாப்பிடுங்க... பென்சிலையும் நீங்களே பிடிங்க!